தூளிக் கயிற்றில் ஒரு வில்லை

நான் சொன்னதை ஒரு பொருள் அப்படியே கேட்டு நடந்தது என் நாற்பத்தாறாவது வயதில்தான். மனுஷர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அது வேறு கதை.

என் மகள் இன்ஜினியரிங் படித்தபோது ப்ராஜெக்டுக்கென்று ஒரு பெட்டி நிறைய சாமான் வாங்கினாள். மார்க் வந்ததும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. அவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு பரணைத் துடைத்தபோது அதை இறக்கினேன். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை போர்டு, ஒரு கொத்து வயர், மிளகு மிளகாய் மாதிரி என்னென்னவோ சில்லறைச் சாமான்கள். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். ஆனால் அந்தப் போர்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த ஓட்டைகளுக்கெல்லாம் பொடி எழுத்தில் எண் போட்டிருந்தது. இவ்வளவு சிரத்தையாக எண் போட்ட பொருளை எப்படி எறிவது?

முருகன் கோயில் மலையடிவாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. கிருத்திகைக்குத்தான் கூட்டம், மற்ற நாட்களில் மதியம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த மதியங்களில் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். தெலுங்கில் ஒருவர் சோறு பிசைந்து ஊட்டுகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக் கொடுப்பார். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவர் யார்? பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் பேச்சே மாறிவிடும்.

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஆறு வரி அடித்தேன். ஒரு நொடி எரி, ஒரு நொடி அணை. அவ்வளவுதான். அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இரண்டு நொடி என்று மாற்றினேன். அதையும் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குழம்பு அடிப்பிடித்த வாசனை வரும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ம்மா, இது எல்லாரும் மொதல்ல பண்றதுதான். இதுக்குப் போயி போன் பண்ணுவியா?" என்றாள்.

"எல்லாரும் பண்ணிட்டா அது சின்ன விஷயம் ஆயிடுமா? சூரியன்கூடத்தான் எல்லாருக்கும் உதிக்குது, வைடி போன!" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து பாவா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அம்மையார்குப்பத்துக்காரர். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறி அவருக்குச் சோறு போட்டது, காதை எடுத்துக்கொண்டது. நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். காதில் வைத்துக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார்கள். "பேச்சு வரல, இரைச்சல்தான் வருது. அது எங்கிட்ட ஏற்கெனவே நெறைய கீது" என்று பீரோவில் வைத்துவிட்டார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிக்கொட்டகையில் யாரும் யாரிடமும் வாயால் பேச முடியாது, உதட்டசைவும் கைஜாடையும்தான். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. எதிரில் நின்று பேசினால் சொல் தவறாது. முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது.

அடுத்த வருஷம் நான் ஒரு ரோபோ வண்டி செய்தேன். சக்கரம் இரண்டு, முன்னால் உருண்டையாக இரண்டு கண். உண்மையில் அவை கண் இல்லை. ஒன்று நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அனுப்பும். எதிரில் ஏதாவது இருந்தால் அது பட்டுத் திரும்பும். இன்னொன்று அதைக் கேட்டுக்கொள்ளும். வண்டி கூடத்தில் ஓடிப்போய் தண்ணீர்க் குடத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, யோசித்தது, திரும்பியது. யோசித்தது என்றுதான் சொல்வேன், யார் சிரித்தாலும் சரி. குடம் அங்கே இருப்பதாக நான் அதற்குச் சொல்லவே இல்லையே!

பாவா வந்து காலை நீட்டிப் பார்த்தார். நின்று திரும்பியது. இடது காலை நீட்டினார். அதற்கும் திரும்பியது. "எப்டித் தெரியுது இதுக்கு?" என்றார். சொன்னேன்.

"நமக்குக் கேக்காத சத்தம் இதுக்குக் கேக்குதா? பரவால்ல. இந்த வூட்ல இதுக்காவது கேக்கட்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. பாவாவுக்குத் தலைகால் புரியவில்லை. தறியை விட்டு ஒரு வருஷம் ஆகி, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச ஆரம்பித்தார். "எம் பொண்ணும் இப்டித்தான் இருந்தா. ஆனா ஒண்ணு, எம் பொண்ணு அழுததே இல்ல. அவ்ளோ சமத்து" என்பார். இதை இருபத்தேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண் ஆறு மாசம் வீறிட்டு அழுததும், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையும் எனக்குத்தான் தெரியும். அவர் அப்போது தறியில் இருந்தார்.

பேத்திக்கு நாற்பது நாள் தாண்டியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வருகிறேன், தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்கிறது. ஓடிவந்து பார்த்தால், தூளிக்குள் குழந்தை முகம் கறுத்துப்போய்க் கத்திக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளி, வாசலைப் பார்த்தபடி, பாவா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மகள் ஈரத்தலையோடு பாத்ரூமிலிருந்து ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். அவர் எதிரே போய் நின்றாள்.

"பக்கத்துலயே உக்காந்துகினு, கொயந்த தொண்ட கிழியக் கத்துது, நீ பேப்பர் பட்ச்சிகினு இருக்கியே நைனா!"

ஒரு சொல் விடாமல் அவள் உதட்டில் படித்துவிட்டார். பேப்பரை மடித்தார். எழுந்து வெளியே போய்விட்டார். சொன்ன பிறகு மகளும் அழுதாள், சொன்னது சொன்னதுதானே.

மறுநாள் அவர் நாற்காலி வாசலுக்கு வெளியே போயிருந்தது. அதன் பிறகு பேத்தியைத் தொடவே இல்லை. நான் கொடுத்தால், "கையி அழுக்கா கீது" என்பார். மகள் குளிக்கப் போனால் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். சொந்தத் தாத்தா வாசலில் உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் குழந்தை போகும். அவர் தெருவைப் பார்ப்பார். எனக்கு மகள்மேல் கோபம், அவர்மேல் கோபம், அந்தத் தறிகள்மேல் கோபம். ஐந்தாம் மாசம் சம்பந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவார்கள். அதற்குள் இந்த மனுஷன் பேத்தியை நம்பி வாங்க வேண்டும், அவள் நம்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பெட்டியை இறக்கினேன்.

யோசனை எளிதானது. தூளிப் பக்கத்தில் ஒரு சின்ன மைக். குழந்தை அழுதால் அது ஒரு போர்டுக்குச் சொல்லும், அந்தப் போர்டு வைஃபையில் இன்னொரு போர்டுக்குச் சொல்லும். அந்த இன்னொன்று பாவாவின் மணிக்கட்டில் இருக்கும். பழைய பட்டன் செல்போனுக்குள் அதிர்வதற்கென்று சட்டைப்பொத்தான் அளவில் ஒரு மோட்டார் இருக்குமே, அதைப் பஸ் ஸ்டாண்டு சர்வீஸ் கடையில் கேட்டு வாங்கி, அறுந்த வாட்ச் பட்டையில் வைத்துத் தைத்தேன். அழுதால் கையில் விர்ரென்று அடிக்கும். முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

மைக்கில் ஒரு பொடி திருகு இருக்கும். வீடு அமைதியாக இருக்கும்போது அதைத் திருகி, விளக்கு அணைகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் சத்தம் வந்தால் மட்டும் விளக்கு எரியும். மகளும் குழந்தையும் தூங்குகிற மதிய நேரமாகப் பார்த்துத் திருகினேன். விளக்கு அணையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். எரிந்துகொண்டே இருந்தது. அதற்கு மேலும் திருகினால் குழந்தையின் அழுகைக்கும் எரியாத இடத்துக்குப் போய்விடும். சரி, கோளாறு சாமான் என்று விற்ற கடைக்குப் போன் போட்டேன். சென்னையில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஏம்மா, கெட்டுப்போனத அனுப்பி டபாய்க்கிறீங்களா? வூட்ல ஒரு சத்தமும் இல்ல, இது பாட்டுக்கு எரியுது!"

"மேடம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பின்னாடி என்ன மேடம், ஃபேக்டரியா?"

"இன்னா ஃபேக்டரி? நான் என் வூட்ல ஒக்காந்துகினு இருக்கேன். கொயந்த தூங்குது. குண்டூசி வுழுந்தா கேக்கும்."

"மேடம், நீங்க பேசறதே எனக்குக் கேக்கல."

போனை வைத்துவிட்டு நன்றாகத் திட்டினேன். திட்டி முடிக்கும்போது கரண்ட் போனது. என் சாமான் பேட்டரியில் ஓடியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மைக்கின் விளக்கு அணைந்தது. தூளியில் குழந்தை திடுக்கிட்டு விழித்துக்கொண்டு அழுதது; விளக்கு எரிந்தது. குழந்தை மூச்சு வாங்கியபோது அணைந்தது. ஒன்றுவிடாமல் சரியாக.

கரண்ட் போனதும் தறிகள் நின்றிருந்தன. எங்கள் வீட்டின் இரண்டு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமும் தறி. எதிர்வீட்டில் தறி. தெரு முழுக்கத் தறி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் நான் அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு மைக், பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் கேட்காத சத்தத்தை அது விடாமல் கேட்டுச் சொல்லியிருக்கிறது. நான் அதைப் பொய்க்காரி என்று திட்டியிருக்கிறேன். கரண்ட் வந்தது. முதல் தறி ஆரம்பித்தது, இரண்டாவது, மூன்றாவது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனது. அதற்கும் இதுதான் அமைதி.

பத்து நாள் அந்தத் தறிச் சத்தத்தைக் கழிக்கப் பார்த்தேன். வீடியோக்காரர் சொன்ன வழியெல்லாம் போட்டேன். தறிக்கு எரிந்தது, குழந்தைக்குச் சும்மா இருந்தது. சரி செய்தால் கதவு சாத்தியதற்கெல்லாம் எரிந்தது. பாவா வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் நான் ஸ்க்ரூ டிரைவரை வீசி எறிந்தபோது உள்ளே வந்தார்.

"இன்னாதான் பண்ற நீ?"

சொன்னேன். அழுகையை மட்டும் பிடிக்கப் பார்க்கிறேன், தறி விடமாட்டேன் என்கிறது என்று.

"சத்தத்த எதுக்குப் புடிக்கிற? சத்தம்னா எல்லாம் ஒண்ணா கலந்துதான் வரும். நான் காதாலயா தறி ஓட்னேன்? கைய வெப்பேன்" என்று உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காட்டினார். உண்மைதான். தறிச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டே எது சரியாக ஓடுகிறது, எது முரண்டு பண்ணுகிறது என்று சொல்கிறவர்.

அப்போதுதான் எனக்குப் பிறந்தநாள் அட்டை நினைவுக்கு வந்தது. திறந்தால் பாடுமே, அந்த அட்டை. அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்; உள்ளே பித்தளையில் ஒரு மெல்லிய வில்லை இருக்கும். கரண்ட் கொடுத்தால் அது அதிர்ந்து பாடும். ஆச்சரியம் என்னவென்றால், அதே வில்லையை நாம் அழுத்தினால், தட்டினால், லேசாகச் சுண்டினால், அது நமக்குக் கரண்ட் கொடுக்கும். பாடுகிற வாயும் கேட்கிற காதும் ஒரே பொருள். யார் அப்படிச் செய்து வைத்தார்கள் என்று எத்தனையோ நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வியந்திருக்கிறேன்.

அந்த வில்லையைத் தூளிக் கயிற்றின் முடிச்சுக்கும் கூரைக் கொக்கிக்கும் நடுவில் வைத்துக் கட்டினேன். குழந்தையின் கனம் அதன்மேல் விழும். குழந்தை ஒரு விரலை அசைத்தாலும் கயிறு சொல்லும், கயிறு வில்லைக்குச் சொல்லும். ஆனால் லேப்டாப் திரையில் எண்கள் ஓடியதைப் பார்த்தபோது சோர்ந்துவிட்டேன். கூரையும் தறியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. இதிலும் தறிதான்.

"இதுவும் உதவாது பாவா. தறியக் கழிக்கணும்."

"கழிக்காத. எதையும் கழிக்காத. வர்றத அப்டியே என் கைக்குக் குடு."

கோபத்தோடுதான் கொடுத்தேன். வில்லையில் எவ்வளவு அதிர்வோ அவ்வளவையும் மோட்டாருக்கு அனுப்பும்படி மாற்றிப் பட்டையைக் கட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ எண்ணியது. முகத்தில் ஒரு களை வந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தில் நான் பார்க்காத களை.

"இது வலது பக்கத்து வூட்டுத் தறி. ரெண்டு ஓடுது. ஒண்ணுல நாடாவ அடிக்கிற கட்ட லூசா கீது. போய்ச் சொல்லு அவனுக்கு, நாடா தெறிச்சிச்சின்னா மூஞ்சி போய்டும்."

நாடா என்பது குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயும் கூர்முனைச் சாமான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் தறியை நிறுத்திக் கட்டையை ஆட்டிப் பார்த்தார். ஆடியது. "உனுக்கு யாரு சொன்னதுக்கா?" என்றார். ஒரு செங்கல் சுவர், ஒரு கூரை, ஒரு கொக்கி, ஒரு பித்தளை வில்லை, காற்றில் ஒரு வைஃபை, ஒரு பழைய செல்போன் மோட்டார், இத்தனையையும் தாண்டி வந்த நடுக்கத்தில் ஒரு மனுஷன் கட்டை லூசு என்று சொல்கிறார். பத்து நாள் நான் எழுதிய வரிகளெல்லாம் எதற்கு?

திரும்பி வந்து, "தறி சரி. இதுல பேத்தி எங்க?" என்றேன்.

"தறிக்கு ஒரு கணக்கு உண்டு. அது மாறாது. கொயந்தைக்குக் கணக்கே கெடையாது. அத்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப ஒதைக்குது பாரு" என்றார். தூளியை எட்டிப் பார்த்தேன். தூக்கத்தில் ஒரு கால் துணியை உதைத்துக்கொண்டிருந்தது.

மகளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானே மகளிடம், "நீ போய்க் குளி. கொயந்த இங்கியே இருக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், வாசலில் தெரிந்த அவர் முதுகைப் பார்த்தாள். "நீ பாத்துக்கம்மா" என்றாள். "நான் சமையல் பண்ணணும்" என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்கக்கூட இல்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றேன். மலைமேல் இருக்கிற முருகனை அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி நான் எப்போதும் கூப்பிட்டதில்லை.

அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், முகம் தெருப்பக்கம். குழந்தையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று கடலையைத் தட்டில் போட்டார். எழுந்தார், உள்ளே வந்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தூளியை விலக்கினார். குழந்தை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மகள் அவசரமாக வெளியே வந்தாள். "அழுதுச்சா நைனா?"

"இன்னும் இல்ல" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை பசிக்கு முதல் குரல் கொடுத்தது. மகள் அங்கேயே நின்றுவிட்டாள். காது இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பட்டை அவர் கையை விட்டு இறங்கவில்லை. சார்ஜ் போடக் கேட்டால்கூட முறைப்பார். நாற்காலி வீட்டுக்குள் வந்தது. மகள் மாத்திரை வாங்கப் போனாள், ரேஷன் கடைக்குப் போனாள், ஒரு நாள் படியேறி மலைக்கே போய்விட்டு வந்தாள். குழந்தை தாத்தாவிடம் இருந்தது.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது குழந்தைக்கு வயிற்றுப் பொருமல். காலையிலிருந்து அழுகை. தூளியில் போட்டாலும் நிறுத்தவில்லை. காலை உதைத்து, உடம்பை முறுக்கி, மூச்சடக்கி, மறுபடி. பாவா பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார். பட்டை ஓயாமல் அடித்தது. கழற்றிவிடலாமே என்று ஜாடை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. கடைசியில் வசம்பு உரைத்துக் கொடுத்த பிறகு குழந்தை என் தோளில் தூங்கியது.

அவர் பட்டை கட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோவா அழுவும், ஒரு கொயந்த?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "நீயும் இப்டி அழுதியா?"

மகள் என்னைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷப் பெருமை நடுவில் நிற்கிறது. பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. வாய் கேட்கவில்லை.

"அழுதா பாவா. ஆறு மாசம் அழுதா. நீங்க தறியில இருந்தீங்க."

என் உதட்டை முழுசாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்தாள். காலியாகத் தொங்கிய தூளிக்குப் பக்கத்தில் போனாள். கயிற்றைப் பிடித்தாள். அவரையே பார்த்தபடி, கணக்கில்லாமல், குழந்தை உதைப்பதுபோல இரண்டு மூன்று தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்தாள்.

அவர் மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது.

"கேட்டுச்சிம்மா" என்றார்.